தலையணைக்கு அடியில் ஒரு ஸ்கேல்

இன்று காலை தம்பி அந்தோணி வந்து நடு அறை டியூப் லைட்டின் சோக்கை மாற்றினான். பழையதைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது அது இன்னும் சூடாக இருந்தது. தார் இளகிய வாசனை. கீழே செடிப் பெட்டி மண்ணுக்குத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. சூடான தாரும் ஈர மண்ணும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். புதுச் சோக்கு வந்த அட்டைப் பெட்டிதான் அதில் கிடந்தது. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. எனக்கு மட்டும் இந்தப் பழக்கம் போகவில்லை.

"இந்த லைட்டெல்லாம் இனிமே எதுக்குக்கா? கழட்டிடட்டுமா?" என்று கேட்டான் தம்பி.

"கை வச்சுப் பாரு" என்றேன்.

ஏணியை விட்டு இறங்கிக் காப்பி கேட்டான். என் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியும். உங்களுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். இவ்வளவு பெரிய வாய் இருந்தும் ஒரே ஒரு விஷயத்தை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. நீங்களும் கேட்கவில்லை. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அம்பகரத்தூர்ப் பக்கம் நாற்றங்கால் பார்க்கப் போனவர் வாய்க்கால் கரையில் சைக்கிளோடு சறுக்கி மதகுக் கட்டையில் விழுந்தீர்கள். அப்போது உங்களுக்கு முப்பத்தெட்டு வயது. விவசாய ஆபீசில் டெமான்ஸ்ட்ரேட்டர். ஊர் ஊராகப் போய் விதை நேர்த்தி சொல்லிக் கொடுத்தவரை இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கட்டில் போட நடு அறைதான் தோதாக இருந்தது. ஆனால் அதற்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் டியூப் லைட் எரிய வேண்டும். பலகைமேல் மல்லாந்தபடி முதல் வருடம் முழுவதும் அந்த லைட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். திரும்பிப் படுக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

ஒருநாள் சமையலுக்கு ஆய்ந்த புதினாவில் மீந்த நாலு காம்பை டம்ளர் தண்ணீரில் போட்டு உங்கள் தலைமாட்டு அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனேன். பத்து நாள் கழித்து, "லூர்து, இங்க வா" என்று கூப்பிட்டீர்கள். ஏதோ வலி என்று பதறி ஓடி வந்தேன்.

"அந்தப் புதினாவைப் பாரு. லைட்டுப் பக்கம் தலையத் திருப்புது."

"அதுக்கா இந்தக் கூப்பாடு? அடுப்புல குழம்பு இருக்குங்க."

"குழம்பு கெடக்கட்டும். வேர் விட்டிருக்கா பாரு."

விட்டிருந்தது. விழுந்த நாளுக்குப் பிறகு உங்கள் முகத்தில் அன்றுதான் களை வந்தது. குழம்பு அடிப்பிடித்ததற்காக நான் கோபப்படவில்லை. என் ஆயுளில் அது ஒரு தடவைதான் இருக்கும்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வயரிங் வேலை தெரிந்த அந்தோணி மரச்சட்டம் அடித்து, நாலு டியூப் லைட்டைக் கயிற்றில் கட்டி, ஏற்றி இறக்குகிற மாதிரி தொங்கவிட்டான். பழைய பலகைகளில் பெட்டி செய்து, ஆற்று மணலும் சாணி எருவும் கலந்து நிரப்பினோம். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்து வயலெல்லாம் தண்ணீர் நின்று காய்கறி நாற்று அழுகிப்போகிறதே, அதை வீட்டுக்குள் லைட் வெளிச்சத்தில் வளர்த்துவிட்டால் மழை விட்டதும் கொண்டுபோய் நடலாம் என்று கணக்குப் போட்டீர்கள். ஆபீசுக்கும் எழுதிப் போட்டீர்கள். உங்கள் லீவு முடிகிற நேரம் அது. அதிகாரி ஆள் மூலம் பதில் சொல்லி அனுப்பினார்: நாற்று தேறினால் அவரே வந்து பார்ப்பார், ஆபீசிலேயே இப்படி ஒரு நாற்றுக்கொட்டகை போட்டு, உட்கார்ந்தபடி கவனிக்கிற வேலையை உங்களுக்கு வாங்கித் தரப் பார்ப்பார். தேறாவிட்டால் உடம்பு முடியாதவர் என்று ஓய்வு கொடுத்து அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த நாற்காலி வேலைக்கு நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில்கூட ஆபீஸ் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்.

கத்தரி நாற்றுதான் முதலில் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான் மர ஸ்கேலை நட்டமாக வைத்து அங்குலம் சொல்ல வேண்டும், நீங்கள் நோட்டை நெஞ்சின்மேல் நிறுத்திக்கொண்டு எழுதுவீர்கள். சவரக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் நுனி இலை மட்டும் உங்களுக்குத் தெரியும். மற்றதெல்லாம் என் கண்தான். "கண்டபடி சொல்லாத. பாத்துச் சொல்லு" என்பீர்கள். "ஆமா, நான் குருடி" என்பேன்.

முதல் பொய் கால் அங்குலம். இரவெல்லாம் வலியில் பல்லைக் கடித்துக் கிடந்திருந்தீர்கள். போன வாரம் ரெண்டே முக்காலாக இருந்த நாற்று அப்படியே நின்றிருந்தது. "மூணு" என்றேன். உங்கள் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்தேன். அடுத்த வாரம் "மூணே கால்" என்று சொல்ல நாக்கு கூசவில்லை.

கார்த்திகையில் அடித்த புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இருட்டில் நாற்றுகள் வெளிறி நீண்டுவிட்டன. பதற்றத்தில் நான் தண்ணீரை வேறு அள்ளி அள்ளி ஊற்றினேன். நாலாம் நாள் லைட் எரிந்தபோது பெட்டியில் பாதி, கழுத்து அழுகிச் சாய்ந்து கிடந்தது. மறுநாள் மீதியும் விழுந்தது. கரண்ட் வந்த சேதியோடு இன்னொரு சேதியும் வந்திருந்தது. வருகிற வியாழக்கிழமை அதிகாரி வருகிறார்.

உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். "எல்லாம் போச்சுங்க, நான்தான் தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திட்டியிருப்பீர்கள். மறுபடி விதை போட்டிருப்போம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. மாதா கோயிலுக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு அம்பகரத்தூர் பஸ் ஏறினேன். அங்கே காமாட்சி என்கிற விவசாயக் கூலிக்காரி, கோயில் பக்கத்து மேட்டில் கீற்று மறைப்புப் போட்டுக் கொஞ்சம் கத்தரி நாற்றைக் காப்பாற்றி வைத்திருந்தாள். உங்கள் பெயரைச் சொன்னதும், "அய்யாவுக்கா? எடுத்துட்டுப் போங்கம்மா" என்று வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். ஒயர் கூடையில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடி வந்தேன். நீங்கள் மாத்திரை போட்டுத் தூங்கிய மத்தியானத்தில் ஒவ்வொன்றாக நட்டேன். எழுந்ததும் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள். "நல்லா இருக்கே" என்று மட்டும் சொன்னீர்கள்.

மனசு கேட்காமல் புதன்கிழமை மாதா கோயில் சாமியாரிடம் போய், செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர், "சாமிகிட்ட சொன்னது சரிம்மா. வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கே சொல்லிடு" என்றார். அதிகாரி வந்து போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அதிகாரி நாற்காலியில்கூட உட்காரவில்லை. பெட்டி அருகில் குனிந்து தண்டை விரலால் தடவினார். ஒரு நாற்றைப் பிடுங்கினார். நம் மணல் எருவுக்குள்ளிருந்து வேரோடு ஒரு உருண்டை கருப்புக் களிமண் வந்தது.

"தண்டு ஊதா ஓடித் தடியா இருக்கு. இது வெயில் பாத்த நாத்து. இந்தக் களி இந்தப் பெட்டிக்கு எப்படி வந்துச்சு?"

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கூரையைப் பார்த்தபடி, குரல் மாறாமல் சொன்னீர்கள்: "நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன் சார். போட்டதெல்லாம் அழுகிப்போச்சு. வேலை போயிடும்னு பயம்."

"நீங்களா இப்படி?" என்றார் அவர். அவ்வளவுதான். கையிலிருந்த நாற்றைப் பெட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். விதைக் கணக்கில் ஒரு படி கூடக் குறைய எழுதாதவர் என்று ஆபீசில் பெயர் எடுத்திருந்தீர்கள். அந்தப் பெயரை ஒரே வாக்கியத்தில் எனக்காகக் கொடுத்துவிட்டீர்கள்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?" என்று அழுதேன்.

"பின்ன, எம் பொண்டாட்டி என்னை ஏமாத்திட்டாள்னு சொல்லவா?"

கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டி, "ஸ்கேலைக் கொடு" என்றீர்கள். கொடுத்தேன். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள்.

ஓய்வுக் கடிதம் தை மாதம் வந்தது. அடுத்த வருடம் நீங்கள் முட்டுக் கொடுத்து உட்கார ஆரம்பித்ததும் பெட்டிகளைக் கை எட்டும் உயரத்துக்கு ஏற்றச் சொன்னீர்கள். அளப்பதும் எழுதுவதும் நீங்களே என்றானது. மல்லி, வெந்தயக்கீரை, புதினா, மிளகாய் எல்லாம் அந்த வெளிச்சத்தில் வந்தன. உண்மையாகவே வந்தன. அடைமழையில் சந்தையில் ஒரு கட்டுக் கீரை கிடைக்காத நாளில் தெருப் பெண்கள் நம் வீட்டுக்கு வந்து கிள்ளிக்கொண்டு போனார்கள். "உங்களுக்குப் புதினா துளிர்த்தாத் தெரியும், பொண்டாட்டி தலை நரைச்சாத் தெரியாது" என்று நான் சொல்ல, நீங்கள் சிரிப்பீர்கள். என்னிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களைக் குளிப்பாட்டினேன், புண்ணுக்கு மருந்து வைத்தேன், நகம் வெட்டினேன். உங்கள் உடம்பில் என் கை படாத இடம் இல்லை. ஆனால் அந்த ஸ்கேலை ஒன்பது வருடம் நீங்கள் என்னிடம் தரவில்லை. படுக்கை விரிப்பை மாற்றும்போதுகூட நீங்களே எடுத்து மடியில் வைத்துக்கொள்வீர்கள். தூர நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் செய்தீர்களா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் மன்னித்துவிட்டேன் என்று பொய்யாகச் சொல்லிவிடுவீர்களோ என்றும் பயம். உங்களுக்குப் பொய் வராது என்று நினைத்திருந்தேன், ஆனால் எனக்காக ஒரு தடவை வந்ததே.

பிறகு சிறுநீரகம் கெட்டது. கை கால் எல்லாம் வீங்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு வாரம் தாண்டினா பெரிசும்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. வீங்கிய விரல்களால் தலையணைக்கு அடியில் துழாவி ஸ்கேலை எடுத்தீர்கள். அது கையில் நிற்கவில்லை, இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை அதை என் பக்கம் தள்ளினீர்கள்.

"நீ பாத்துச் சொல்லு."

ஒரு வாரம் வீடு பூட்டிக் கிடந்து, லைட் எரியாமல் மிளகாய் நாற்று வாடியிருந்தது. ஸ்கேலை வைத்தேன். குனிந்து, மறுபடி பார்த்தேன். "மூணு" என்ற சொல் என் வாய்க்குள்ளேயே தயாராக இருந்தது.

"ரெண்டே கால்" என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் ரெண்டே கால்தான். ஏறல."

என்னையே பார்த்தீர்கள். "டாக்டர் என்ன சொன்னாரு? அதையும் இதே மாதிரி சொல்லு."

சொன்னேன். "ரெண்டு வாரம்னாருங்க."

தலையாட்டினீர்கள். "எழுதிக்க."

"எதை?"

"ரெண்டே காலைத்தான்."

நோட்டில் என் கையெழுத்து வந்தது அன்றுதான். எழுதி முடித்து நிமிர்ந்தபோது நீங்கள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தீர்கள். அதற்குப் பிறகு நாற்றைப் பற்றிக் கேட்கவில்லை. லைட் கண்ணைக் கூசுகிறது, ஒன்றை அணை என்றீர்கள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. பதினோராம் நாள் போய்விட்டீர்கள்.

இதுதான் என்னை அரிக்கிறது. பொய் சொல்லி உங்கள் வேலையைக் கெடுத்தேன். உண்மையைச் சொல்லி உங்கள் கடைசித் தூக்கத்தைக் கெடுத்தேன். அந்த ஒரு தடவை, "டாக்டர் நல்லாயிடும்னாருங்க" என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா, இல்லை ஸ்கேலைத் திரும்ப எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருப்பீர்களா? இரண்டாவதைத்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது. அப்படியானால் நான் உண்மை சொன்னது உங்களுக்காகவா, எனக்காகவா? சாமியாரிடம் இதைக் கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

உங்களை அடக்கம் செய்த மறு வாரம் அந்த மிளகாய் நாற்று நிமிர்ந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களுக்காக இரவு பகலாக லைட் எரிந்ததில் பிழைத்துக்கொண்டது போலிருக்கிறது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நாலு அங்குலம். சந்தோஷமாகச் சொல்ல ஒரு உண்மையான அளவு கிடைத்தபோது கேட்க நீங்கள் இல்லை. பெட்டி முன்னால் உட்கார்ந்து அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதேன்.

அந்தோணி காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டான். புதுச் சோக்கில் லைட் துடிக்காமல் எரிகிறது. நோட்டில் இன்னும் ஏழெட்டுப் பக்கம் இருக்கிறது.

இன்று ஞாயிறு. பூசைக்குப் போய் வந்துவிட்டேன். புதினா மூன்றரை. மல்லி இரண்டு, அதிலும் ஒரு ஓரம் பழுத்திருக்கிறது. பார்த்துத்தான் சொல்கிறேன்.