காவல்காரன் சீட்டும் மாப்பிள்ளையின் அப்பாவும்

புதன்கிழமை, இரவு.

ஐம்பது வயதில் போனில் சீட்டு விளையாடுகிறேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இன்று எனக்கு ஜோடியாக ஆடிய முகம் தெரியாத ஆள், காவல்காரன் சீட்டை ஓரத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். நடுவில் வைத்தால்தான் இரண்டு பக்கத்துச் சீட்டுக்கும் பலம் கூடும். பொறுக்காமல் மைக்கில் கத்திவிட்டேன்.

"நடுவுல வைடா, மடச்சாம்பிராணி! ஓரத்துல நின்னு ஆடா மேய்க்கப் போறான்?"

"சரிங்க சம்பந்தி, நடுவுலயே வைக்கிறேன்" என்று குரல் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா! என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நாளைக்குத்தான் மகள் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க இலுப்பூரிலிருந்து வருகிறார்.

"ஐயையோ, நீங்களாங்க?"

"நேர்ல பேசிக்குவோங்க" என்றார். சிரித்தாரா, கோபமா, தெரியவில்லை.

பதறி எழுந்து போனைப் பார்த்துக் கும்பிட்டேன். வேட்டி நாற்காலி ஆணியில் மாட்டி அங்கேயே இருந்துவிட்டது.