அண்ணன் ஊற்றியது

திண்டிவனம்
4.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சூர்யகலா எழுதுவது. புயல் மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்துவிட்டது. என் போன் அதில் ஊறிச் செத்துப்போனது. அதனால்தான் கடிதம். விழுப்புரத்துக்குச் சாப்பாட்டு வண்டி ஓட்டும் தேவநாதனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விழுப்புரத்தில் துப்புரவு வேலைக்கு என் வீட்டுக்காரரையும் கூட்டிப்போய்விட்டார்கள். நீதான் மேஸ்திரி என்றதும் பாதி பயம் போனது. செத்த மாட்டைத் தூக்குமுன் ஆட்களுக்குச் சரக்கு ஊற்றுவீர்கள் என்று தெரியும். அவர் அம்மன் கோயிலில் கயிறு கட்டிக் குடியை விட்டவர். மறுபடி தொட்டால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்னபோது நீயும் கூட இருந்தாய். அவருக்கு மட்டும் ஊற்றாதே அண்ணா.

சூர்யகலா

விழுப்புரம்
6.12.2024

அன்புத் தங்கை கலாவுக்கு,

மாப்பிள்ளை வெற்றிவேல் நலம். அவருக்கு டீ மட்டும்தான். "இன்னா வெற்றி, டீயக் குடிச்சிக்கினே மாட்டத் தூக்கிடுவியா?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்கள். சிரித்துக்கொள்கிறார். நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை?

அண்ணன் சக்கரபாணி

விழுப்புரம்
11.12.2024

கலா,

நேற்று கெடார் பக்கம் ஒரு கொட்டகை. மாடுகள் கட்டுத்தறியிலேயே செத்து ஊதிக் கிடந்தன. மாப்பிள்ளை இரண்டு முறை உள்ளே போய் வாந்தியோடு திரும்பினார். அவர் ஒதுங்கினால் மற்றவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். ஆபீசர் வேறு வந்து நின்றார்.

"கயிற அவுத்துட்டுக் குடிச்சா குத்தமில்ல மாப்ள, வேல முடிஞ்சதும் கட்டிக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதானே. அவர் கையெல்லாம் சேறு. முடிச்சை நானே அவிழ்த்தேன், நானே ஊற்றினேன். பிறகு எல்லா மாட்டையும் தூக்கிப் போட்டார்.

கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தெரியாமல் வைக்க மனம் வரவில்லை.

சக்கரபாணி

திண்டிவனம்
8.1.2025

அண்ணனுக்கு,

வேலை முடிந்து அவர் வந்தார். குடியும் கூடவே வந்தது. அந்த நாற்றம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறதாம். கடை திறக்குமுன்பே போய் நிற்கிறார். "ஒங்க அண்ணந்தான ஊத்திக் குடுத்தாரு" என்கிறார். முந்தாநாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்துதான் எழுதுகிறேன்.

உனக்கு வேலை ஆகவேண்டியிருந்தது. புரிகிறது. கோபம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

பொங்கலுக்குச் சீர் கொண்டு வராதே. அண்ணியிடமும் சொல்லிவிடு, பாவம், இந்நேரம் வெல்லம் வாங்கி வைத்திருப்பார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் எனக்கு அண்ணன் இல்லை என்று சொல்லமாட்டேன். இந்த வருஷம் வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த வருஷமும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

சூர்யகலா