சும்மா என்றொரு கியர்

2025 ஜூன் 8, ஞாயிறு

கினிகத்தேனைக்குப் போய்ப் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பி ஏறும்போது வட்டவளை ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை உதறியது. "ரோடு சரியில்ல" என்றார் இவர். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நுவரெலியாவில் வண்டி வியாபாரம் செய்கிற என் தம்பி சின்னராசா ஜப்பானிலிருந்து எடுத்துக் கொடுத்தது. எங்கள் ஹட்டன் பஜாரில் எல்லாப் பெரிய வண்டிக்கும் பேர் ஜீப்தான். "ஜீப் இல்லீங்க, சொகுசு எஸ்யூவி" என்று இவர் எங்கள் கடைக்குத் துணி எடுக்க வருகிறவர்களையெல்லாம் திருத்திக்கொண்டிருக்கிறார். எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. இந்தக் குளிருக்கு சீட்டே சூடாகிறது!

போகும்போது இறக்கத்தில் வழக்கம்போல, "சும்மா போடுங்க" என்றேன். பெட்ரோல் வரிசையில் இரண்டு நாள் காய்ந்து கிடந்த வருஷத்தில் எங்கள் பழைய வேனுக்கு நான் கண்டுபிடித்த வழி அது. இறக்கம் வந்தால் நியூட்ரலுக்குத் தள்ளிவிட வேண்டும், வண்டி தானாக உருளும். எங்கள் வீட்டில் நியூட்ரலுக்குப் பேரே சும்மாதான். வளைவு வந்தால் கியர், வளைவு முடிந்தால் சும்மா. பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த பிறகும் இவர் கை அதை விடவில்லை.

ஆவணியில் எங்கள் மகள் தக்ஷிகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சின்னராசாவின் மகன் நிரோஷன்தான், முறைப் பையன். மண்டபத்திலிருந்து இந்த வண்டியில்தான் வர வேண்டும் என்று இரண்டு பேரும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 19

மறுபடி உதறல். இந்தத் தடவை ஹட்டனில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சமதரையில். ரோட்டைக் குறை சொல்ல இவருக்கும் வாய் வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மானம் போயிற்று. வட்டவளைக்குக் கீழே ஏற்றத்தில் வண்டி நின்றேவிட்டது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. கருகின நாற்றம். பட்டுச்சேலையோடு நான் ரோட்டோரம். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, "தள்ளி விடவாங்க?" என்று கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்திருக்கும், இவர் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

டயரை ஒரு உதை உதைத்தார். "ஒன் தம்பி என்னை ஏமாத்திட்டான். மீட்டரக் கொறச்சு வித்திருக்கான்" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. ஒருவேளை அப்படித்தானோ என்று எனக்கும் தோன்றியது. எழுதவே கூசுகிறது, ஆனால் தோன்றியது.

ஜூலை 8

சின்னராசா கடைக்கு வந்திருந்தான். வண்டியைத் தன் செலவில் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லத்தான் வந்தான். கடை நிறைய ஆள். இவர் துணி வெட்டுகிற கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே, "சொந்த அக்கா புருஷனுக்கே ஓட்ட வண்டிய தலையில கட்டுனவன், ஊருக்கு என்னத்த விப்பான்?" என்றார்.

அவன் முகம் செத்துவிட்டது. "மச்சான், சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. காயிதம் எல்லாம் இருக்கு, பாருங்க" என்றான். இவர் வாங்கவே இல்லை. போகும்போது என்னைப் பார்த்தான். நான் மடித்து வைத்த சேலையை மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12, சனி

டிக்கோயாவில் எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற மெக்கானிக் ஹுசைனின் கராஜுக்குப் போனோம். பெரிய வண்டிகளின் கியர்பெட்டியைப் பிரிக்கத் தெரிந்தவர் இந்தப் பக்கம் அவர் ஒருவர்தான். முந்தாநாளே பிரித்து வைத்திருந்தார். எண்ணெய் தார் மாதிரி கறுத்திருந்தது. உள்ளே இருந்து எடுத்த தட்டுகளைக் காட்டினார், எல்லாம் கருகல்.

"மீட்டர் சரிதான் மொதலாளி. வண்டி ஓடினது கொஞ்சந்தான்" என்றார். "இது ஓட்டத்துலயே நியூட்ரலுக்குத் தள்ளி, ஓட்டத்துலயே திரும்ப கியருக்கு இழுத்து வாற வருத்தம், வண்டிக்கு நோய் மாதிரி. இறக்கத்துல அப்பிடி ஓட்டுறீங்களா?"

"என்னையா கேக்குறீங்க? முப்பது வருசமா ஓட்டுறேன். இதுல எல்லாம் ஆட்டோமேட்டிக், நான் எதுக்குக் கியரத் தொடுறேன்?" என்றார் இவர்.

நானா என்னைப் பார்த்தார்.

இவர் வேண்டுமென்றே சொன்ன பொய்யா, இல்லை கை செய்வது மூளைக்கே தெரியாமல் போய்விட்டதா? எதுவானாலும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு இறக்கத்திலும் வாயைத் திறந்து சொன்னவள் நான். அன்னிய ஆள் முன்னால் இவரைப் பொய்யர் ஆக்குவதா? சொன்னால், "நீதானடி சொன்ன" என்று என் பக்கம் திரும்புவாரே!

நான் சும்மா இருந்தேன்.

ஜூலை 13

இன்று சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பாவி, நான் பாவி.

மெக்கானிக்கும் சின்னராசாவுக்கு வேண்டியவர்தான் என்று சொல்லிக்கொண்டு, இவர் தன் அக்கா நாகலெட்சுமி கையில் பரிசத் தட்டைக் கொடுத்து நுவரெலியாவுக்கு அனுப்பிவிட்டார். பரிசத்துக்கு நிரோஷன் வீட்டில் போட்ட சேலை, வளையல், எல்லாம். தட்டு திரும்பிப் போனால் முடிந்தது, அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. "ஆடி மாசம்ங்க, இப்ப போயா?" என்றேன். எனக்கு வந்ததே அவ்வளவுதான்! "ஆடியில நல்ல காரியந்தான் பண்ணக்கூடாது" என்றார்.

தக்ஷிகா தட்டில் சேலையைத் தானே மடித்து வைத்தாள். அழவில்லை. "மாமா அப்பிடிச் செஞ்சிருக்க மாட்டாங்க, இல்லம்மா?" என்று மட்டும் கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூலை 27

நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. தக்ஷிகா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறாள், வருகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் போடவில்லை. வெகுநேரம் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானா கேக்கயில நீ சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

ஓகஸ்ட் 5

தனியாக பஸ் ஏறி நுவரெலியா போனேன். சின்னராசா வாசலிலேயே நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். பால் போடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தான். நான் ஆரம்பிப்பதற்குள், "தெரியும்க்கா" என்றான்.

நாங்கள் கராஜுக்குப் போன அன்றைக்கே ஹுசைன் நானா போனில் சொல்லிவிட்டாராம், சனிக்கிழமையே.

"பின்ன ஏன்டா நீ வாயத் தொறக்கல?"

"நான் சொன்னா மச்சான் நம்புவாரா? நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். தட்டு வந்து எறங்குற வரைக்கும் பாத்தேன்க்கா."

மன்னிச்சிருடா என்றேன். மன்னிக்க என்ன இருக்கு என்றான். தட்டைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டேன். தலையை ஆட்டினான். "எங்க வீட்டுல அவ ஒத்துக்க மாட்டா. நிரோஷனும் கத்தார் வேலைக்கு எழுதிப் போட்டுட்டான்." எனக்கு எதிரே இருந்த சுவரில் அவனும் நானும் தோட்டத்து லய வீட்டு வாசலில் நிற்கிற பழைய போட்டோ அப்படியே மாட்டியிருந்தது. கழற்றியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஓகஸ்ட் 6

தக்ஷிகாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"எப்ப இருந்தும்மா ஒங்களுக்குத் தெரியும்?"

"பன்னண்டாந்தேதி."

"தட்டு போனது இருபதாந்தேதி."

அவ்வளவுதான். எட்டு நாள் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் எண்ணினேன், இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஓகஸ்ட் 31

இன்றைக்குக் குறித்த முகூர்த்தம். மழை.

செப்டம்பர் 14

நிரோஷன் போய்விட்டான். பஜாரில் யாரோ சொல்லித்தான் தெரியும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வண்டிக்கு வேறு கியர்பெட்டி போட்டாகிவிட்டது. தீபாவளிச் சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் புறப்பட்டோம். இவர் இப்போது ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. தக்ஷிகாதான் ஓட்டினாள், இவர் பக்கத்தில், நான் பின்னால். சீட்டு இப்போதும் சூடாகிறது.

வட்டவளை தாண்டி இறக்கம் தொடங்கியதும் இவர் வாய் தவறி, "சும்மா போடும்மா" என்றார்.

தக்ஷிகா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அது அம்மாவோட கியருப்பா."

வண்டி கியரிலேயே இறங்கியது.