புழு மீன்

மார்ச் 4

காலை நடை குளத்தைச் சுற்றித்தான். மச்சான் வீட்டு மாடிக்குக் குடிவந்த பிறகு வேறு பாதை கிடையாது. வாசலைத் தாண்டினால் தண்ணீர். இவ்வளவு நாள் பார்த்தும் ஒரு மீன் தூங்கி நான் பார்த்ததில்லை. தூங்குமா? மச்சானைக் கேட்டேன்.

"மாமா, நீங்க ரிட்டயர் ஆனது பேப்பர்லேருந்துதானே? கேள்வியிலேருந்தும் ஆகிட்டா நல்லாயிருக்கும்."

அவனுக்கும் தெரியாது போலிருக்கிறது.

மார்ச் 5

தூங்குமாம். இமை இல்லாததால் நமக்குத் தெரிவதில்லையாம். பல் விளக்கிக்கொண்டிருந்த என்னிடம் மச்சான் வந்து சொல்லிவிட்டுப் போனான். போனில் தேடியிருக்கிறான். கேள்வி அவனையும் தூங்கவிடவில்லை.

மார்ச் 8

இவன் என் மனைவியின் தம்பி. பல வருஷம் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஊரையெல்லாம் குளிர வைத்தவனுக்குத் தன் குளத்தைக் குளிர வைக்கத் தெரியவில்லை என்று அவனே சொல்லிச் சிரிப்பான். போன கோடையில் ஒரு காலையில் குளம் முழுக்க வெள்ளையாக இருந்தது. செத்த திலேப்பியா மீனின் வயிறு அந்த நிறம்.

இது இரண்டாவது முயற்சி. குஞ்சுகளைக் குறைத்து விட்டிருக்கிறான். தண்ணீரின் ஒரு பகுதிக்குப் பச்சை நிழல்வலை. நடுவில் தண்ணீரை அடித்து அடித்துக் காற்றேற்றும் சக்கரம். இடம் குத்தகைக்குத்தான். இடத்துக்காரர் மழைக்காலம் வரை பொறுப்பாராம். அதற்குள் நிலையாக வாங்கும் ஆள் ஒருவர் அமையாவிட்டால் குளத்தை மண் போட்டு மூடி லாரி நிறுத்த விட்டுவிடுவார்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா பழையபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கறேன்க்கா" என்று அக்காவிடம் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இவள் சிரிக்கவில்லை.

மார்ச் 11

இன்று பின்கட்டுக் கொட்டகைக்குள் முதல் முறையாகப் போனேன். இத்தனை நாள் விடவில்லை. நீள நீளமான தட்டுகள். சந்தையில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ், அழுகிய தக்காளி, பூசணித் தோல். அதற்குள் ஏதோ கொதிப்பதுபோல் அசைகிறது. புழு. காது வைத்துக் கேட்டால் சத்தம்கூட வருகிறது, லேசான தூறல் மாதிரி.

ஒரு வகைக் கறுப்பு ஈயின் புழுவாம். அந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. வளர்ந்த பிறகு அதற்குத் தின்கிற வேலையே கிடையாது. தின்பதெல்லாம் புழுவாக இருக்கும்போதே தின்று முடித்துவிடுகிறது. முற்றியதும் தானாகச் சரிவில் ஏறி வந்து வாளிக்குள் விழுகிறது. பிடிக்க வேண்டிய வேலைகூட இல்லை. காய வைத்து அரைத்துத் தீனியில் சேர்க்கிறான்.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். கடைத் தீவனத்தில் கடலில் பிடித்த சின்ன மீன்களைப் பொடித்துத்தான் போடுகிறார்களாம். கடல் சூடாகி அந்த மீன் வரத்து முன்னைப்போல் இல்லை என்று தீவனக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் விலையை ஏற்றுகிறார்.

"மீனைப் பிடிச்சு மீனுக்கே போட்டா, கணக்கு எங்க மாமா நேராகும்? இன்னும் பாதி கடைத் தீவனம்தான். முழுசா மாத்த முடியுமான்னு தெரியல. பாக்கணும்."

இவ்வளவு காலம் மீன் சாப்பிட்டிருக்கிறேன். மீன் என்ன சாப்பிட்டது என்று ஒரு நாளாவது கேட்டேனா?

மார்ச் 12

கொட்டகையைப் பற்றி இவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. "புழு தின்ன மீன் என் சட்டியில ஏறாது. உங்க மச்சான்கிட்டயே சொல்லிடுங்க." தம்பி, நேற்றுவரை தம்பி. இன்று என் மச்சான்.

மார்ச் 17

தொழிற்சாலை கேன்டீன் மேனேஜர் நாளை மறுநாள் குளம் பார்க்க வருகிறார். ஆயிரம் பேர் சாப்பிடும் இடம். அவர் சரி என்றால் இடத்துக்காரர் வாயைத் திறக்க மாட்டார்.

மச்சான் மாடிக்கு வந்து எனக்குப் பாடம் நடத்தினான். "தீனி பத்திக் கேட்டா 'பூச்சிப் புரதம்'னு சொல்லுங்க. சொல்லிப் பாருங்க."

சொல்லிக் காட்டினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

மார்ச் 19

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேனேஜர் நல்ல மனிதர். கரையில் நின்று மீன் பாய்வதை ரசித்தார். மச்சான் வலை எடுக்க உள்ளே போன நேரத்தில் என்னிடம் கேட்டார்: "தீனி என்ன சார் போடறீங்க?"

"புழு."

அவ்வளவுதான் சொன்னேன். ஒரே வார்த்தை. பத்திரிகையில் எனக்குத் தலைப்பு வைக்கிற வேலையும் உண்டு; இரண்டு பத்தி அகலத்துக்குள் அடங்காத எந்தச் சொல்லையும் நறுக்கியே பழகிய கை. 'பூச்சிப் புரதம்' வாய்க்கு வரவில்லை. அதைவிடச் சின்னது வந்தது.

மச்சான் துள்ளும் மீனோடு வந்தபோது மேனேஜர் கைக்குட்டையை மூக்கருகே வைத்திருந்தார். "எங்க ஆளுங்களுக்கு விஷயம் தெரிஞ்சா தட்டைத் தூக்கி என் தலையிலதான் போடுவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

கார் போன பிறகு மச்சான் மெதுவாகச் சொன்னான்: "ஒரு வார்த்தையை மிச்சம் பிடிச்சுட்டீங்க மாமா."

திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 20

புழு.

இல்லை, அந்தச் சொல் பொய்யில்லை. அதுதான் என் குழப்பம். கேட்டவருக்கு உண்மையைச் சொன்னேன். பிறகு ஏன் மச்சான் கண்ணில் படாமல் மாடியிலேயே இருந்தேன்?

மார்ச் 29

மூன்று நாளாக மேகம். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, காற்றும் இல்லை. புழுக்கம் மட்டும்.

ஏப்ரல் 1



விடியும் முன்பே மச்சான் சந்தைக்குக் காய்க்கழிவு எடுக்கப் போனான். "விடிஞ்சதும் சக்கரத்தை நிறுத்திடுங்க மாமா" என்று சொல்லிப் போனான். பகலில் தண்ணீரில் இருக்கும் பாசியே மூச்சுக்காற்றைத் தயாரிக்கும், சக்கரம் ராத்திரிக்குத்தான். விடிந்தது. நிறுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்தன. எல்லாம். நூற்றுக்கணக்கான வாய்கள், தண்ணீரின் தோலைத் தொட்டபடி, திறந்து திறந்து மூடின. பசி என்றே நினைத்தேன். ஐயோ, நான் என்னைக்கு மீனைப் பார்த்தேன்? கைநிறையத் தீனியை அள்ளி வீசினேன். ஒரு மீனும் தொடவில்லை. இன்னும் வீசினேன்.

வண்டிச் சத்தம் கேட்டதும் பெருமையாகக் கூப்பிட்டேன்: "மாப்ளே, வந்து பாரு! எல்லாம் பசியில நிக்குது!"

அவன் வண்டியை நிறுத்தவில்லை, போட்டுவிட்டு ஓடினான். "சக்கரத்தைப் போடுங்க! சக்கரத்தை! பசி இல்ல மாமா, மூச்சு!"

ஓரத்தில் வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினான். நானும் ஊற்றினேன். இவளும் மாடியிலிருந்து இறங்கி வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று ஊற்றினாள். வெகுநேரம் கழித்து வாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. ஒரு கூடை நிறையச் செத்தன. மற்றவை இருக்கின்றன.

மூவரும் கரையில் சேற்றோடு உட்கார்ந்திருந்தோம். "மேகம் இருந்தா பாசிக்கு வெளிச்சம் கிடையாது. வெயில் வந்ததும்னு சொல்லியிருக்கணும். விடிஞ்சதும்னு சொல்லிட்டேன்" என்றான் மச்சான். "இந்தத் தடவை வார்த்தை என்னோடது."

ஏப்ரல் 2

பசிக்கும் மூச்சுமுட்டலுக்கும் வாய் ஒரே மாதிரிதான் திறக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? தீனி போட்டுப் பார்த்தால் தெரியுமாம். தொடாவிட்டால் மூச்சு. அதையும் பார்த்தேனே! பார்த்தும் இன்னொரு பிடி அள்ளினேனே.

ஏப்ரல் 5

வரப்போகும் வெக்கைக்கு இந்தக் குளத்தில் இத்தனை மீன் தாங்காது என்கிறான். பெரியவற்றை இப்போதே எடுத்தால் மீதிக்கு இடமும் மூச்சும் கிடைக்கும். ஆனால் யாருக்கு விற்பது? ஞாயிற்றுக்கிழமை கரையிலேயே தராசு போடுவோம் என்றாள் இவள். சட்டியில் ஏற்றாதவள்.

நான் ஒன்று சொன்னேன்: தராசுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுப் புழுவை வைப்போம்.

"இருக்கறவங்களையும் துரத்தணுமா மாமா?"

"எப்படியும் கேப்பாங்க மாப்ளே. கேட்ட பிறகு காட்டினா ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கும்."

எழுந்துபோய்க் கொட்டகையைத் திறந்தான். "சரி, வைங்க. கெட்டது கெட்டுப்போச்சு."

ஏப்ரல் 9, ஞாயிறு

முதலில் வந்தவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். தட்டைச் சுற்றிக் கூட்டம், தராசைச் சுற்றி ஈ. (வீட்டு ஈ.) புழு சரிவில் தானாக ஏறுவதைக் காட்டினேன். ஒருவர் போனில் படம் எடுத்தார். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்த ஓர் அப்பா, ஏன் மேலே ஏறுகிறது என்று கேட்டார். காய்ந்த இடம் தேடி என்றேன். ஏன் காய்ந்த இடம் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கூடை இடுக்கிய அம்மா ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு இவளிடம் முகத்தைச் சுளித்தார். "இதையா தின்னுது?"

இவளுக்கு எங்கிருந்து வந்ததோ: "கோழி குப்பையைக் கிளறி எதைப் பொறுக்குதுன்னு நெனச்சீங்க, முந்திரிப் பருப்பா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா விடுகிற ஆள் இல்லை. "அது இருக்கட்டும். நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மச்சான் வலையைப் பிரிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

இவள் பொய் சொல்ல மாட்டாள். தராசுத் தட்டைத் துடைத்தாள். இன்னொரு தரம் துடைத்தாள். "இல்ல. இன்னைக்குத்தான் ஆக்கப்போறேன்" என்று, இருந்ததிலேயே பெரிய மீன் ஒன்றை எடுத்துத் தன் பக்கம் தனியாக வைத்தாள்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்போ எனக்கும் அதே அளவுல ஒண்ணு போடுங்க. நாளைக்கு வந்து கேப்பேன்."

மாலைக்குள் பெரிய மீன்கள் எல்லாம் போய்விட்டன.

ராத்திரிச் சாப்பாடு. முதல் துண்டை இவள் வாயில் வைத்தாள். மென்றாள். நானும் மச்சானும் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு கம்மி" என்றாள். அடுத்த துண்டை எடுத்தாள்.

ஏப்ரல் 10

அந்த அம்மா வந்து கேட்டார். இவள் பதில் சொன்னாள். மாடியிலிருந்து எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஏப்ரல் 23

மூன்றாவது ஞாயிறு. சின்ன வலை வீச்சுதான். பெரிதானதை மட்டும் எடுக்கிறோம். தொழிற்சாலைச் சீருடையோடு நாலைந்து பேர் வந்தார்கள். வேலை முடிந்து நேராக. கேட்டது இப்படி: "புழு மீன் இருக்கா?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

மே 2

கேன்டீன் மேனேஜர் வந்தார். கைக்குட்டை சட்டைப்பையிலேயே இருந்தது. "எங்க ஆளுங்க என்னைப் போட்டுப் பிடுங்கறாங்க. வெளியில வாங்கித் தின்னுட்டு வந்து, இங்க எப்போ போடுவீங்கன்னு கேக்கறாங்க." வாரம் நான்கு நாள் வேண்டுமாம். குளத்தில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு.

இதைத்தானே எதிர்பார்த்தோம்? இடத்துக்காரரிடம் காட்டலாம். நான் உள்ளுக்குள் கணக்கை முடித்துவிட்டேன்.

மச்சான் குளத்தைப் பார்த்தான். நிழல்வலைக்குக் கீழே மீன்கள் அமைதியாகத் திரிந்துகொண்டிருந்தன. "வாரம் ஒரு நாளைக்குத்தான் சார் முடியும். அதுக்கு மேல மீன் விட்டா இதுங்களுக்கு மூச்சு இருக்காது."

"ரெண்டு மடங்கு கேக்கறவனை யாராவது வேணாம்னு சொல்லுவாங்களா?"

"போன வருஷம் வேணும்னு சொன்னேன் சார். வெள்ளையா மிதந்துச்சு."

மேனேஜர் கொஞ்ச தூரம் நடந்தார். நிழல்வலையின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்தார். "சரி. புதன்கிழமை."

போகும்போது கொட்டகையைப் பார்க்கலாமா என்று கேட்டார். நான்தான் கூட்டிப்போனேன். காது வைத்துக் கேட்கச் சொன்னேன்.

மே 19

அனல். சக்கரம் ஓடுகிறது. மச்சான் காலையும் மாலையும் தண்ணீரின் சூட்டை அளக்கிறான். முந்தாநாள் இடத்துக்காரர் அந்த வழியாகப் போனார். புதன்கிழமை வண்டியில் பெட்டி ஏறுவதைப் பார்த்தபடி நின்றார். லாரிப் பேச்சை எடுக்கவில்லை. பக்கத்து மேட்டை இன்னொரு குளமாகத் தோண்டினால் தண்ணீர் ஊறுமா என்று மச்சானைக் கேட்டாராம். ஊறுமா? தெரியவில்லை. நாளை ஒரு கம்பியை இறக்கிப் பார்க்கப் போகிறோம்.

மே 20

சமையலறைக் கழுவுதொட்டிக்குக் கீழே இரண்டாவது வாளி முளைத்திருக்கிறது, மூடியோடு. வாழைப்பழத் தோலைக் குப்பையில் போடப் போனேன்.

"அதை இந்தப் பக்கம் போடுங்க" என்றாள் இவள், அடுப்பிலிருந்து திரும்பாமலே. பிறகு கத்தியை வைத்துவிட்டு, கையில் ஓர் எலுமிச்சைத் தோலோடு வந்தாள்.

"ஏங்க, புளிப்பு தின்னுமா அது?"

தெரியாது என்றேன். மச்சானைக் கேட்டுவிட்டு வரக் கீழே இறங்கினேன்.