பின்பக்கம் போன படிகள்

அக்கா,

இன்று காலை பீரோவின் மேல்தட்டில் வேறெதையோ தேடியபோது உன் வீட்டு பிளான் கைக்கு வந்தது. சுருளைப் பிரித்ததும், பிளானை நகலெடுக்கும் அமோனியாவின் வாடை மூக்கில் ஏறியது. இத்தனை வருடம் அந்த வாடை நிற்காது என்பார்கள். நின்றிருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. ஜோகுபாளையத்தில் முப்பதுக்கு நாற்பதடி சைட், டெலிபோன் இலாகா சம்பளத்தில் உன் பெயரில் நீ வாங்கியது. அதுவரை ஈஜிபுரா வாடகை வீட்டில் ஒவ்வொரு நாளும் போலியோ கால்களோடு நீ படியேற யாராவது தூக்கிவிட வேண்டியிருந்தது. உனக்கு வேண்டியது ஒன்றுதான்: சொந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாக, யார் கையும் படாமல் போக வேண்டும்.

முதலில் பார்த்த பிரேசர் டவுன் ஆர்க்கிடெக்ட் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "மேடத்துக்குக் கீழேயே ஒரு ரூம் இருந்தா போதுமா சார்?"

"போதும்" என்றேன். கேள்வி கேட்டே பிழைக்கும் நிருபர் நான். பக்கத்தில் இருந்த உன்னைக் கேட்கத் தோன்றவில்லை. ஆட்டோ அல்சூர் ஏரியைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய். "டேய், எனக்கு ஒரு ரூம் போதும்னு உனக்கு யாரு சொன்னது?" என்றாய்.

இரண்டாமவர் முன்னால் ஐந்து கிரானைட் படிகள் வரைந்தார். உனக்கான சரிவுப் பாதை வீட்டுக்குப் பின்னால். "யாருக்கும் தெரியாது சார், லுக் கெடாது."

"பின்னாடி வழியா வர நான் என்ன கேஸ் சிலிண்டரா?" என்றாய். அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

மூன்றாவது ஒரு கன்னடப் பெண். அலுவலகம் மாடியில். நீ ஏற முடியாது என்று தெரிந்ததும் ஒரு ஸ்டூலோடு இறங்கி வந்து நடைபாதையில் உன் எதிரே உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. "நீவு ஹேளி மேடம்" என்று உன்னைத்தான் சொல்லச் சொன்னார். நீ கன்னடத்தில் முக்கால் மணி நேரம் சொன்னாய். உன் ஊன்றுகோல்கள் எவ்வளவு அகலம் விரிகின்றன என்று டேப் வைத்து அளந்துகொண்டார். அவர்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாய்.

மழைத் தண்ணீர் ஏறும் தெரு. வீட்டுத் தரைக்கு இரண்டடி உயரம் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்று, முன்பக்கம் முழுவதும் ஒரு திருப்பத்தோடு சரிவை வரைந்தார். கார் நிற்க இடமில்லை. நம் தாய்மாமா பிளானைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "என்னம்மா இது, ஆஸ்பத்திரி மாதிரி! நாளைக்கு விக்கணும்னா எவன் வாங்குவான்?"

எனக்கும் அதே எண்ணம்தான். உனக்குத் தெரியாமல் ஆர்க்கிடெக்டுக்குப் போன் போட்டு, சரிவைப் பின்பக்கம் மாற்றச் சொன்னேன். "ஓனரைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார். கேட்டும்விட்டார்.

அடுத்த வாரம் மாமாவையும் என்னையும் உட்காரவைத்து, திருத்திய பிளானை விரித்தாய். சரிவு முன்னாலேயே இருந்தது. பின்பக்கம் புதிதாக நான்கு படிகள்.

"இது எதுக்கும்மா?" என்றார் மாமா.

"உங்களுக்குத்தான் மாமா. படியேறித்தான் வருவேன்னா பின்னாடி வாங்க." என்னைப் பார்த்து, "நீயும்தான்டா" என்றாய்.

கிரகப்பிரவேசத்தன்று நீதான் முதலில் ஏறினாய். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாய். அத்தை நீட்டிய கையைத் தலையசைத்து மறுத்தாய். மாமா உன் பின்னால் அதே சரிவில்தான் வந்தார்.

நீ கண்மூடிய பிறகு வீட்டை விற்றுத் தருவதாக வரும் புரோக்கர்கள் எல்லோரும் முன்பக்கத்தை இடிக்கச் சொல்கிறார்கள். இடிக்கப் போவதில்லை. காரணமும் சொல்லப் போவதில்லை.

உன்னால் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கமும் என்னிடம் இருக்கிறது. பேட்டிக்குப் போன இடத்தில் கணவனோ மகனோ முந்திக்கொண்டு பதில் சொன்னால் நான் எழுதுவதில்லை. பேனாவை மூடிவிட்டு, கேட்கப்பட்டவர் வாய் திறக்கும் வரை உட்கார்ந்திருப்பேன். செய்தி தாமதம் என்று ஆசிரியர்கள் மாறி மாறித் திட்டினார்கள். திட்டட்டும்.