அது வெற்றிலைச் சாயம் இல்லை, மச்சான்

என் பகிடிக்கெல்லாம் முதல் ஆளாய்ச் சிரிக்கும் செல்லத்துரை மச்சானுக்கு,

முதலில் ஒரு வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு நான் கக்கூசில் கண்ணை மூடிக்கொண்டுதான் குந்தினேன். முதலைக்குப் பயப்படாமல் ஆற்றில் இறங்கி வலை இழுக்கிற ஆம்பிளை, எனக்குக் கீழே கிடப்பதைப் பார்க்கப் பயந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீயும் என்னைப் போல ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தானே, கண்டுபிடிக்கவா போகிறாய்?

இப்போது செய்தியைக் கேள். நான் தப்பிவிட்டேன்! உன்னைக் கொண்டுபோன அதே குடல் புற்றுநோய்தான் எனக்கும் வந்தது. வெட்டி எடுத்துவிட்டார்கள். நேற்று கிளினிக்கில் டொக்டர் கடுதாசிகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, மிச்சம் ஒன்றும் தெரியவில்லை என்றார். அந்தாளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். மேசை குறுக்கே நின்றது.

உனக்கு அது எப்படித் தொடங்கியது, நினைவிருக்கிறதா? கக்கூசுக்குப் போனால் நீ லேசில் வெளியே வரமாட்டாய். துறையில் தோணி காத்து நிற்கும். நான் வேலிக்கு வெளியே நின்று கத்துவேன்.

“என்ன மச்சான், முட்டை போட்டு அடை காக்கிறியா?”

“சும்மா இருடா. வயிறு சரியில்ல. சிவப்பாப் போகுது.”

“வெத்திலச் சாற முழுங்கினா வேற எப்பிடிப் போகும்? பச்சையாவா?”

துறையே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதோடு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. மச்சான், பகிடிக்குச் சொன்னேனே தவிர, அதை நானும் நம்பித்தான் இருந்தேன். வாய் சிவக்கச் சிவக்கப் போடுகிற வெற்றிலை கீழேயும் சிவக்காதா என்று நினைத்தேன். சட்டை உன் தோளில் தொங்கத் தொடங்கியபோதுதான் என் தங்கச்சி பூமணி உன்னைப் பிடித்து உலுப்பினாள். அதற்குள் சண்டை மூண்டு ஆமி பாதையைப் பூட்டிவிட்டது. திறந்த பிறகு வாழைச்சேனையிலிருந்து உன்னை ரவுணுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அது ஈரல் வரைக்கும் போயிருந்தது. அன்றைக்கு நான் வேலியடியில் பகிடி விடாமல், எத்தனை நாளாய்ப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

என்னைப் பிடித்தது என் மனிசி யோகம். நான் உடுத்துக் களைந்த சாரத்தைக் கழுவுகிற கல்லடியிலிருந்து கூப்பிட்டாள்.

“இஞ்ச வாங்க. இது என்ன கறை?”

“வெத்திலத் துப்பல்.”

“பின்னாலயா துப்பின நீங்க?”

சாரத்தைப் பறிக்கப் போனேன். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அவள் வெற்றிலைத் தட்டத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். “ஒரு கிழமைக்கு வெத்தில இல்ல. மறுகா பாப்பம், சாயமா வேறயா எண்டு.” ஒரு கிழமை நான் பைத்தியக்காரன் போலத் திரிந்தேன். எட்டாம் நாள் கண்ணைத் திறந்து பார்த்தேன். வாய் வெளுத்துப்போய் இருந்தது. கீழே அதே சிவப்பு.

மறுநாளே ஆஸ்பத்திரி. டொக்டர் விரலை எங்கே விட்டுப் பார்த்தார் என்று இங்கே எழுதமாட்டேன், உன் பிள்ளைகளும் படிப்பார்கள். பிறகு கேள்வி கேட்டார்.

“இரத்த உறவில ஆருக்காவது இந்த வருத்தம் இருந்ததா?”

“ஓம், மச்சானுக்கு. தங்கச்சிட புருஷன்.”

“தங்கச்சிட புருஷன் இரத்த உறவில்லையே.”

“எங்கட ஊரில உறவுதான் டொக்டர். அவன் என்ட அம்மாட அண்ணன்ட மகன். பிறக்கக்குள்ளயே மச்சான், மறுகாதான் தங்கச்சியக் கட்டினவன்.”

அவருடைய பேனை நின்றது. “அப்ப அவர்ட பிள்ளைகள்? ரெண்டு பக்கமும் ஒரே இரத்தம்தானே?” என்றார்.

அந்தக் கேள்விதான் மச்சான், என் வயிற்றை வெட்டியதைவிட வலித்தது.

வெட்டிய பிறகு என் வயிற்றில் ஓர் ஓட்டை, அதன்மேல் ஒரு பை. இனி எல்லாம் அதற்குள்தான். வீட்டுக்கு வருகிற வழியில் சென்றியில் சோதிக்க நின்ற ஆமிக்காரன் என் இடுப்பைத் தடவினான். கையில் பை பட்டதும் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான்.

“என்ன கட்டியிருக்கு?”

“சாப்பாடு ஐயா. நேத்துச் சாப்பிட்டது.”

மெதுவாகச் சட்டையைத் தூக்கினேன். மணத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. “போ, போ!” என்றான். அதன் பிறகு அந்தச் சென்றியில் எனக்கு வரிசையே கிடையாது. நீ இருந்திருந்தால் என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்திருப்பாய்.

இப்போது துறையில் என் பகிடி வேறு மாதிரி. “ஆருக்காவது சிவப்பாப் போகுதா? வெத்தில எண்டு மட்டும் சொல்லிராதீங்க!” என்று கத்துகிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால் நம் நாகராசா வலையைப் போட்டுவிட்டு என்னை ஓரமாய்க் கூப்பிட்டான். அன்றைக்கே அவனை இழுத்துக்கொண்டு போனேன். வெறும் மூலம்தானாம்! மூலம் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை நான் கண்டதே இல்லை.

உன் மகன்மார் இரண்டு பேரையும் டொக்டரிடம் காட்டியாகிவிட்டது. இப்போதைக்குப் பயமில்லையாம். ஆனால் ஒரு சொட்டு கண்டாலும் அன்றைக்கே வர வேண்டும், ஒன்றும் காணாவிட்டாலும் வயது ஏற ஏற வந்து காட்ட வேண்டும் என்றார். பெரியவன், “வெக்கமா இரிக்கி மாமா” என்கிறான். உன் பிள்ளைதானே! சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், வெட்கப்பட்டால் தோளில் தூக்கிக்கொண்டு போவேன். பாதையைப் பூட்டினால் கடலால் கொண்டுபோவேன். அவர்கள் வாயை மூடவைக்கிற பகிடி இனி என் வாயில் வராது.

இன்று உன் திவசம். பூமணி உன் கல்யாண வேட்டியை எடுத்துத் தந்து, என்னைக் கட்டச் சொன்னாள். உன் படத்துக்கு முன்னால் நின்று செய்தியைச் சொல்லும்போது சந்தோஷத்தில் ஒரு துள்ளுத் துள்ளினேன். பை கழன்றுவிட்டது. படையல் கொஞ்சம் பிந்தியது. வேட்டியை இரண்டு தரம் கழுவிக் கொடியில் போட்டிருக்கிறது.

இப்படிக்கு,
பிறக்கும்போதே உனக்கு மச்சானான
கந்தப்பன்