காவல் கட்டு

மாவட்டச் சிறை,
பார்லி அறுவடைக் காலம்.

அன்புள்ள டார்கஸ் அக்காவுக்கு,

உன் தங்கை கெசையா எழுதுவது. சிறையில் இருப்பவள் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலமாக இருக்கிறேன். லண்டனில் உன் எஜமானி வீட்டு அடுப்புப் புகையில் உன் இருமல் கூடாமல் இருக்கட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. ஒரு மன்னிப்புத்தானே, கேட்டுவிட்டு வெளியே வா என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரார் உனக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருப்பார்கள்.

அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் வழக்கம் உனக்குத் தெரியாததா? வயலில் காவல் கட்டு என்று ஒரு கதிர்க்கட்டு நிற்கும்வரை ஒருத்தியும் உள்ளே கால் வைக்க மாட்டாள். அறுத்ததெல்லாம் வண்டியேறிய பிறகு பண்ணைக்காரர் அந்தக் கடைசிக் கட்டையும் எடுப்பார், தேவாலய மணி அடிக்கும், நாம் இறங்குவோம். இந்த வருடம் பண்ணைக்காரர் டன்னிங் தன் கோதுமையெல்லாம் வீடு சேர்ந்த பிறகும் அந்த ஒரு கட்டை மட்டும் நடுவயலில் நிறுத்திவைத்தார். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். அவருடைய பன்றிகள் உள்ளே மேய்ந்தன. பன்றிகளுக்கு வழக்கம் தெரியாது, பாவம்.

என் வீட்டுக்காரர் ஜேக்கப் காய்ச்சலில் போன பிறகு, எனக்கும் என் மகள் லெட்டிக்கும் குளிர்காலத்து ரொட்டி அந்தச் சிந்திய கதிர்தான். மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. வேலியைத் தாண்டினேன், கட்டைத் தூக்கித் தோளில் வைத்தேன். என் வீட்டுக்கா கொண்டுபோனேன்? எல்லாரும் பார்க்க, தெரு வழியாக நடந்து, டன்னிங் வீட்டு வாசலில் வைத்தேன். உங்கள் கட்டு இதோ இருக்கிறது, வயல் இப்போது காலி என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் பெண்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். சாயங்காலம் காவலர் வந்து, கட்டைத் திருடியதாக என்னைப் பிடித்துப் போனார்.

விசாரணை நடந்தது பாதிரியார் ஆஷ்பியின் சாப்பாட்டு அறையில். பாதிரியாரும் அவரே, மாஜிஸ்திரேட்டும் அவரே, டன்னிங் உழுகிற நிலத்துக்குச் சொந்தக்காரரும் அவரே. தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன்தானே. டன்னிங்குக்கு நாற்காலியும் தேநீரும் கொடுத்தார்கள், நான் நின்றேன். பாதிரியார் ஐயாவுக்குக் காது மந்தம், அதனால் குமாஸ்தா அவரிடம் ரகசியமாகச் சொல்ல வந்தது எனக்கும் கேட்டது. திருட்டு வழக்கென்றால் அவரால் தனியாகத் தண்டிக்க முடியாதாம். மாவட்டத்து மாஜிஸ்திரேட்டுகள் எல்லாரும் கூடும் காலாண்டுக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். அங்கே ஜூரிகள் பன்னிரண்டு பேர் கேட்டுத்தான் முடிவு சொல்வார்களாம்.

உடனே ஐயாவின் குரல் தேனாகிவிட்டது.

"திருட்டுன்னு வேணாம் கெசையா. வயலைச் சேதப்படுத்தினேன்னு ஒத்துக்கோ. டன்னிங்கிட்ட மன்னிப்புக் கேளு. ஒரு வாரம் உள்ள இருந்துட்டு வந்துடலாம்."

அந்தக் குற்றத்தை அவர் தன் மேசையிலேயே முடித்துவிடலாம், வெளியே ஒரு காதுக்கும் எட்டாது. நான் ஒத்துக்கொண்டால் அடுத்த வருடம் எல்லா வயலிலும் ஒரு கட்டு நிற்கும், அக்கா. கதிர் முளைத்து அழுகும்வரை நிற்கும்.

"திருட்டுன்னுதானே பிடிச்சிட்டு வந்தீங்க, திருட்டுன்னே எழுதுங்க ஐயா," என்றேன். "திருடின பொருளை உடையவர் வாசல்லயே கொண்டுபோய் வைக்கிற திருடி யாருன்னு அந்தப் பன்னிரண்டு பேரும் சொல்லட்டும்."

டன்னிங் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தப் பன்னிரண்டு பேரும் நிலம் வைத்திருப்பவர்கள்தான், தெரியும். குற்றவாளி என்றால் ஏழு வருடம் நாடுகடத்திக் கப்பலேற்றிவிடுவார்கள் என்பதும் தெரியும். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நேற்று இந்தச் சிறைக்கு யார் வந்து சேர்ந்தது தெரியுமா? நம் பக்கத்து வீட்டு பெக். நீ எங்கேடி இங்கே என்று கேட்டேன். "பாதிரியாரோட பார்லி வயல்லயும் ஒரு கட்டு நின்னுச்சுக்கா. அவர் வாசல்லயே வச்சுட்டேன்," என்று சொல்லிச் சிரிக்கிறாள். தன் கட்டு வழக்கைத் தானே விசாரித்திருக்கிறார் மனிதர். அவளிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்னாராம், அவளும் பன்னிரண்டு பேரைத்தான் கேட்டாளாம். இப்போது இரண்டு பேரும் ஒரே மன்னிப்பில் வெளியே போகலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

லெட்டியை மணியடிப்பவரின் மனைவி பார்த்துக்கொள்கிறாள். தீர்ப்பு எனக்கு எதிராகப் போனால், அக்கா, நீ வந்து அவளை அழைத்துப் போ. சமையல் கற்றுக்கொடு, சோம்பினால் திட்டு. அம்மா எங்கே என்று கேட்டால் கப்பலில் போனாள் என்றே சொல். திருடிவிட்டுப் போனாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்தக் கட்டை நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று சொல்.

கர்த்தர் உன்னையும் என் பிள்ளையையும் காக்கட்டும்.

மன்னிப்புக் கேட்காத உன் தங்கை,
கெசையா